கள்ளக் காசை இனங்கண்ட ஐசக் நியூட்டன்

பழைய வெள்ளி ரூபாய் ஒன்று வீட்டில் இருந்தால் அதைக் கையில் எடுத்து, விளிம்பை நகத்தால் வருடிப் பாருங்கள். நெருக்கமான சின்னஞ்சிறு கோடுகள் நகத்தில் தட்டுப்படும். அவை அழகுக்காக இடப்பட்டவை அல்ல. காசின் ஓரத்தைக் கத்தரித்து வெள்ளியைத் திருடுவோரிடமிருந்து காப்பதற்காக இடப்பட்ட வேலி அது. இவ்வேலியின் அருமையை நன்குணர்ந்து, கள்ளநாணயம் செய்வோருடன் ஆண்டுக்கணக்கில் போராடிய ஒருவரின் வரலாற்றை இங்கு எழுத முற்படுகிறேன். அவர் வேறு யாருமல்லர். புவியீர்ப்பு விதியை உலகுக்கு உணர்த்திய சர் ஐசக் நியூட்டன் அவர்களே.

ஆசிரியப் பயிற்சி முடித்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவள் நான். ஆப்பிள் பழத்தையும் மூன்று இயக்க விதிகளையும் எத்தனை முறை கரும்பலகையில் எழுதினேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆயினும் அப்பெருமகனார் தம் வாழ்நாளின் கடைசி 31 ஆண்டுகளை லண்டன் அக்கசாலையில் கழித்தார் என்பதை ஒருநாளும் மாணவர்க்குச் சொன்னதில்லை. எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை. அண்மையில் என் பேரன் ஒரு சந்தைக் கடையில் விக்டோரியா மகாராணி தலை பொறித்த 1862ஆம் ஆண்டு ரூபாய் ஒன்றை ஆசையோடு வாங்கி வந்தான். அது பொய்க்காசு என்று பின்னர் தெரிந்தது. அது எப்படித் தெரிந்தது என்று அவனுக்கு விளக்கும் பொருட்டு நூல்களைப் புரட்டியபோதுதான் நியூட்டனின் இந்தப் பக்கம் கண்ணில் பட்டது.

நியூட்டன் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் உள்ள ஊல்ஸ்தோர்ப் என்னும் சிற்றூரில், அந்நாட்டின் பழைய நாட்காட்டிப்படி 1642 டிசம்பர் 25 அன்று பிறந்தார். பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பே தந்தை இறந்துவிட்டார். மூன்று வயதில், தாய் மறுமணம் செய்துகொண்டு வேறு ஊர் செல்ல, குழந்தை பாட்டியிடம் வளர்ந்தது. கிராந்தம் நகரப் பள்ளியில் படிக்கையில் ஒரு மருந்து வணிகர் வீட்டில் தங்கியிருந்தார். மருந்துப் பொருள்களை நிறுக்கவும் அரைக்கவும் கலக்கவும் அங்கு ஏற்பட்ட பழக்கம் அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை. 1661இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். 1669இல், 26 வயதிலேயே, கணிதப் பேராசிரியர் ஆனார். 1687இல் ‘பிரின்சிபியா’ வெளிவந்தது. இவையெல்லாம் பாடநூல்களில் விரிவாக உள்ளவை.

பாடநூலில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜில் தம் அறையை ஒட்டிய சோதனைக்கூடத்தில் நியூட்டன் உலை மூட்டி உலோகங்களை உருக்குவதிலேயே பல ஆண்டுகளைச் செலவிட்டார். தாம் செய்த பிரதிபலிப்புத் தொலைநோக்கிக்கு வேண்டிய கண்ணாடியைக்கூடச் செம்பையும் வெள்ளீயத்தையும் சேர்த்து, தாமே வார்த்து, தாமே மெருகிட்டார். இரசவாதத்தில் அவருக்கு இருந்த ஈடுபாட்டைப் பின்னாளில் பலர் எள்ளி நகையாடினர். ஆனால் எந்த உலோகம் எவ்வளவு சூட்டில் உருகும், எதனோடு எது கலந்தால் நிறம் எப்படி மாறும் என்பதையெல்லாம் கையால் தொட்டு அறிந்தவர் அவர். அந்த அறிவு வேறோர் இடத்தில் பயன்படப் போகிறது என்று அப்போது அவரே நினைத்திருக்க மாட்டார்.

அக்கால இங்கிலாந்தின் வெள்ளிக் காசுகளின் நிலை மிகவும் இரங்கத்தக்கது. பழைய காசுகள் கைச்சுத்தியலால் அடிக்கப்பட்டவை. வட்டம் சரியாக இராது. விளிம்பில் கோடும் இராது. ஆகவே கையில் வந்த காசின் ஓரத்தைக் கத்தரியால் மெல்ல நறுக்கிக்கொண்டு, மீதியை முழு மதிப்புக்கே செலவழிப்பது எளிதாயிற்று. நறுக்கிய துணுக்குகளை உருக்கினால் வெள்ளிக் கட்டி கிடைக்கும். இவ்வாறு கைமாறிக் கைமாறி, 1695 வாக்கில் புழக்கத்தில் இருந்த காசுகளில் பெரும்பாலானவை இருக்க வேண்டிய எடையில் ஏறத்தாழப் பாதியே இருந்தன.

1662 முதல் குதிரை இழுக்கும் உருளைகளாலும் திருகு அச்சுகளாலும் புதுவகைக் காசுகள் செய்யப்பட்டன. அவற்றில் பெரிய காசுகளின் விளிம்பில் லத்தீன் எழுத்துகளும், சிறிய காசுகளின் விளிம்பில் கோடுகளும் பொறிக்கப்பட்டன. விளிம்பைப் பொறிக்கும் இயந்திரத்தின் அமைப்பை வெளியிட மாட்டோம் என்று பணியாளர்கள் சத்தியம் செய்துகொடுக்க வேண்டும். விளிம்புக் கோட்டைக் கண்டுபிடித்தவர் நியூட்டன் என்று சிலர் எழுதுகின்றனர், அது தவறு. அவர் அக்கசாலைக்கு வருவதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பே அது நடைமுறைக்கு வந்துவிட்டது.

நல்ல காசு வந்த பிறகும் நாட்டுக்கு நன்மை விளையவில்லை. முழு எடையுள்ள புதுக்காசு கிடைத்தவர் அதைப் பெட்டியில் பூட்டினார், அல்லது உருக்கிக் கடல் கடந்து விற்றார். தேய்ந்த காசு மட்டுமே சந்தையில் நடமாடிற்று. தேய்ந்தும் கத்தரிக்கப்பட்டும் உருவம் அழிந்த காசுகளுக்கு நடுவே கள்ளக் காசைக் கலந்துவிடுவது கடினமா என்ன? எது மெய், எது பொய் என்று எவராலும் சொல்ல இயலாத நிலை. கூலிக்காரர் வாங்க மறுத்தனர். கடைக்காரர் கொடுக்க மறுத்தனர். பிரான்சுடன் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. படைக்குச் சம்பளம் கொடுக்கவும் நம்பத்தக்க காசு இல்லை.

1696ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பழைய காசுகள் அனைத்தையும் திரும்பப் பெற்று உருக்கிப் புதிதாக அடிப்பது என நாடாளுமன்றம் முடிவு செய்தது. இதனால் ஏற்படும் இழப்பை ஈடுகட்ட வீட்டுச் சன்னல்களின் எண்ணிக்கையை வைத்து ஒரு வரி விதிக்கப்பட்டது. வரிக்குப் பயந்து சன்னலை அடைத்துக்கொண்டவர்களும் உண்டு. அவ்வேளையில்தான் நியூட்டனின் நண்பரும் நிதியமைச்சருமான சார்லஸ் மாண்டேகு, அக்கசாலையின் காவலர் பதவியை அவருக்கு அளித்தார். மார்ச் மாதம் அழைப்பு வந்தது. நியூட்டன் கேம்பிரிட்ஜை விட்டு லண்டனுக்குக் குடிபெயர்ந்தார்.

பெயருக்கு ஒரு பதவி, கைநிறையச் சம்பளம், அதிக வேலை இராது என்பதே அப்பதவியைப் பற்றிய பொதுவான எண்ணம். முன்பு இருந்தவர்கள் அப்படித்தான் இருந்தனர். நியூட்டனுக்கு அப்படி இருக்கத் தெரியாது. லண்டன் கோட்டைக்குள் இருந்த அக்கசாலையில் உலைகளுக்கும் குதிரைகளுக்கும் நடுவே நின்று, ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை ஆள், எத்தனை நாழிகை என்று கணக்கெடுத்தார். ஓர் அச்சு நிமிடத்துக்கு 50 முதல் 55 காசு வரை அடிக்க முடியும் என்று குறித்து வைத்தார். வேலையின் வேகம் உயர்ந்து, வாரத்துக்கு 1 லட்சம் பவுண்டு மதிப்புள்ள காசுகள் வெளிவரும் நிலை ஏற்பட்டது. நாரிச், யார்க், செஸ்டர், பிரிஸ்டல், எக்ஸிடர் ஆகிய ஐந்து ஊர்களில் கிளை அக்கசாலைகளும் திறக்கப்பட்டன. செஸ்டர் கிளையில் பணிபுரிந்தவர் வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த எட்மண்ட் ஹாலி. ஏறத்தாழ 3 ஆண்டுகளில் 65 லட்சம் பவுண்டுக்கும் மேலான வெள்ளிக் காசுகள் புதுப்பிக்கப்பட்டன. திரும்ப வந்த பழைய காசுகளில் ஐந்தில் ஒரு பங்கு கள்ளக் காசு என்று நியூட்டன் கணித்ததாகக் கூறுவர்.

ஏழைகள் இதில் பெரிதும் துன்புற்றனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கத்தரிக்கப்பட்ட காசை வரியாகச் செலுத்தியவருக்கு முழு மதிப்பு கிடைத்தது. வரி கட்டும் அளவுக்குச் செல்வம் இல்லாதவர், கையில் இருந்ததை எடைக்குக் கொடுத்து இழந்தார். கற்றறிந்தோர் வகுக்கும் திட்டங்களில் இத்தகைய ஓட்டைகள் எந்த நாட்டிலும் உண்டு போலும்.

அக்கசாலைக் காவலருக்கு இன்னொரு கடமையும் இருந்தது. கள்ளநாணயம் செய்வோரைத் தேடிப் பிடித்து வழக்குத் தொடர வேண்டியவர் அவரே. நியூட்டனுக்கு இது சிறிதும் பிடிக்கவில்லை. இப்பணியிலிருந்து தம்மை விடுவிக்குமாறு 1696 கோடையில் கருவூலத்துக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. வேறு வழியின்றி இறங்கியவர், இறங்கிய பின் பின்வாங்கவில்லை. மறுபடியும் ஒரு மாணவராகி, இத்தொழிலின் சூழ்ச்சிகளை ஒவ்வொன்றாகக் கற்றார். பொய்யைப் பிடிக்க வேண்டுமானால் அது எப்படிச் செய்யப்படுகிறது என்று முதலில் அறிய வேண்டும் அல்லவா?

மெய்க்காசைக் களிமண்ணிலோ மணலிலோ பதித்து எடுத்த அச்சில் மட்டமான உலோகத்தை ஊற்றி வார்ப்பது ஒரு வகை. இப்படி வார்த்த காசில் எழுத்தின் முனைகள் மழுங்கியிருக்கும். பரப்பில் ஊசி குத்தியதுபோல நுண்துளைகள் தெரியும். இரு அச்சுகளும் சேர்ந்த இடத்தில் விளிம்பைச் சுற்றி ஒரு தையல் கோடு ஓடும். அதை அரத்தால் தேய்த்து மறைத்தால், தேய்த்த தடம் காட்டிக்கொடுக்கும். செம்புத் தகட்டை வட்டமாக வெட்டி, செதுக்கிய எஃகு அச்சால் அடித்து, மேலே வெள்ளி முலாம் பூசுவது இன்னொரு வகை. இது கண்ணுக்கு அழகாக இருக்கும். முலாம் தேய்ந்த மேட்டுப் பகுதியில், அரசரின் மூக்கிலும் கன்னத்திலும், செம்பு எட்டிப் பார்க்கும். இவ்விரண்டிலும் தவறாமல் சோரம் போகும் இடம் விளிம்புதான். முகத்தைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய கள்ளனும் விளிம்பில் பொறுமை இழந்துவிடுவான்.

எடை அடுத்த சான்று. 12 அவுன்சு கொண்ட ஓர் இராத்தல் வெள்ளிக் கலவையிலிருந்து 62 ஷில்லிங் செய்ய வேண்டும் என்பது சட்டம். ஆகவே ஒரு ஷில்லிங் சற்றேறக்குறைய 6 கிராம் இருக்கும். அக்கலவையில் நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி. மாற்றுக் காணும் முறையும் நெருப்புதான். காசிலிருந்து வெட்டிய துணுக்கை நிறுத்து, ஈயத்தில் சுற்றி, எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் இட்டு உலையில் வைப்பர். ஈயம் செம்பையும் இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் ஊறிவிடும். தூய வெள்ளி மட்டும் மணிபோல நிற்கும். அதை மீண்டும் நிறுத்தால் கலப்பு எவ்வளவு என்பது வெளிப்படும்.

இக்கலை நமக்குப் புதிதன்று. சங்க காலத்திலேயே காசின் மாற்றை அறிவோரை வண்ணக்கர் என்று அழைத்தனர். புலவர் சிலர் பெயரோடு அச்சொல் சேர்ந்திருக்கிறது. நியூட்டனுக்கு ஏறத்தாழ 380 ஆண்டுகளுக்கு முன்னர், கி.பி. 1318இல், தில்லி அக்கசாலை அனுபவத்தைக் கொண்டு ‘திரவிய பரீட்சை’ என்ற நூலை எழுதியவர் தக்குர பேரு என்னும் ஜைன அறிஞர். பல நாட்டுக் காசுகளின் எடையையும் மாற்றையும் அதில் வரிசைப்படுத்தியுள்ளார். அவரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும். தத்துவார்த்த சூத்திரத்தில் கள்ளாமை விரதத்துக்குக் கூறப்படும் ஐந்து அதிசாரங்களில் கடைசியானது பிரதிரூபக வியவகாரம், அதாவது போலியை மெய்யென்று கொடுத்தல், என்பதையும் வாசகர்கள் அறிவார்கள்.

கள்ளர்களைத் தேடும் பணிக்காக நியூட்டன் லண்டனைச் சூழ்ந்த மாவட்டங்களில் நீதிபதி அதிகாரம் பெற்றுக்கொண்டார். மதுக்கடைகளிலும் சிறைச்சாலையிலும் சென்று அமர்ந்து, உளவு சொல்வோரை விசாரித்தார். நூற்றுக்கும் மேற்பட்டோரிடம் வாக்குமூலம் வாங்கினார். அவற்றில் பல இன்றும் இங்கிலாந்தின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பேராசிரியராக இருந்தபோது எவரோடும் பழகாமல் அறைக்குள் அடைந்து கிடந்தவர் அவர் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

இவ்வாறு பிடிபட்டவர்களில் பெயர் பெற்றவன் வில்லியம் சலோனர். நெசவாளி ஒருவரின் மகன். பர்மிங்காமில் ஆணி செய்யும் பட்டறையில் வேலை பழகப் போனவன், அங்கேயே கள்ளக் காசு செய்யவும் கற்றான். லண்டனுக்கு வந்து முலாம் பூசும் கலையைத் தெரிந்துகொண்டு, வெள்ளிக் காசுக்குத் தங்க முலாம் பூசிப் பொற்காசாக்கினான். பெரிய வீடு, வண்டி, நல்ல உடை என்று கனவானாக உலவினான். அவனுடைய துணிச்சலுக்கு எல்லையில்லை. 1697இல் நாடாளுமன்றக் குழுவின் முன் தோன்றி, அக்கசாலையில் ஊழல் நடக்கிறது என்றும், கள்ளக் காசைத் தடுக்கத் தன்னிடம் ஒரு வழி இருக்கிறது என்றும், அதைச் செய்துகாட்டத் தன்னை உள்ளே விட வேண்டும் என்றும் கேட்டான். குழுவும் இசைந்தது. விளிம்பு இயந்திரத்தின் இரகசியத்தைக் காப்பதாகத் தாம் செய்த சத்தியத்தைக் காட்டி நியூட்டன் மறுத்துவிட்டார். உள்ளே விட்டிருந்தால் ஆட்டு மந்தைக்குக் காவலாக ஓநாயை வைத்த கதைதான்.

அதே ஆண்டு சலோனர் கைதானான். அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல இருந்தவனைப் பணம் கொடுத்து ஸ்காட்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். வழக்கு நிற்கவில்லை, வெளியே வந்தவன், தன்னை வீணாகச் சிறையில் அடைத்தார் என்று நியூட்டன் மீதே நாடாளுமன்றத்தில் முறையிட்டான். சான்றுகளைக் கோத்துக் கட்டாமல் அவசரப்பட்டது நியூட்டனின் பிழை. இரண்டாம் முறை அவர் அப்பிழையைச் செய்யவில்லை. அரசு குலுக்கல் சீட்டுகளைப் போலியாகச் செய்ததில் சலோனர் மீண்டும் சிக்கியபோது, பழைய கூட்டாளிகள், அவர்களுடைய மனைவியர், அண்டை வீட்டார் என ஒவ்வொருவரிடமும் வாக்குமூலம் பெற்றார். சிறையில் அவன் அருகிலேயே தம் ஆட்களை இருக்கவைத்து, அவன் பேசியதையெல்லாம் அறிந்தார். 1699 மார்ச்சில் வழக்கு விசாரணைக்கு வந்தது, குற்றம் உறுதியாயிற்று. நாணயக் குற்றம் அக்காலத்தில் அரச துரோகம், தண்டனை மரணம். உயிர்ப்பிச்சை கேட்டுச் சலோனர் நியூட்டனுக்கு மன்றாடிக் கடிதங்கள் எழுதினான். பதில் எழுதப்படவில்லை. அதே மாதம் அவன் தூக்கிலிடப்பட்டான்.

இந்த இடத்தில் என் பேனா சற்று நின்றுவிட்டது. அஹிம்சையை முதல் விரதமாகக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஒரு காசுக்காக ஓர் உயிரா என்று கேட்கத் தோன்றுகிறது. சட்டம் நியூட்டன் இயற்றியதன்று. அக்குற்றம் கூலிக்காரனின் வயிற்றில் அடித்தது என்பதும் உண்மையே. இருப்பினும், தொடக்கத்தில் இவ்வேலையே வேண்டாம் என்று விண்ணப்பித்த மனிதர், மூன்றே ஆண்டுகளில் ஒரு கைதியின் இறுதிக் கடிதத்துக்கு ஒரு வரிகூட எழுதாதவராக மாறியது எனக்கு வருத்தமளிக்கிறது. அவரைப் போற்றுவோர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகிறார்கள். நான் மாணவர்க்குச் சொல்வதாயிருந்தால் மறைக்க மாட்டேன்.

1699 டிசம்பரில் நியூட்டன் அக்கசாலைத் தலைவராக உயர்ந்தார். 1703இல் ராயல் சொசைட்டியின் தலைவர். 1704இல் ஒளியியல் நூல். 1705இல் ஆன் அரசியார் சர் பட்டம் அளித்தார். இவ்வளவு பெருமைக்கு நடுவிலும் தராசை அவர் கீழே வைக்கவில்லை. வெளிநாட்டுக் காசுகளை வரவழைத்து எடையும் மாற்றும் கண்டு அட்டவணை தயாரித்தார். அக்கசாலைக் காசுகளைத் தனி நடுவர் குழு சோதிக்கும் வழக்கம் அங்கு உண்டு. 1710இல் நடந்த சோதனையில், நியூட்டன் அடித்த பொற்காசு மாற்றுக் குறைவு என்று குழு தீர்ப்பளித்தது. அவர் கொதித்தெழுந்து ஆராய்ந்தார். குறை காசில் இல்லை. ஒப்பிடுவதற்காக 1707இல் செய்து வைத்த மாதிரித் தகடுதான் அளவுக்கு மீறித் தூய்மையாக இருந்தது என்று நிறுவினார். அளவுகோலையே அளந்து பார்த்த அந்தப் புத்தி எத்தனை பேருக்கு வரும்!

1717இல் அவர் அளித்த அறிக்கையில் நம் நாடும் வருகிறது. இங்கிலாந்தில் ஒரு பங்கு தங்கத்துக்குப் பதினைந்து பங்குக்கு மேல் வெள்ளி கொடுக்க வேண்டும். இந்தியாவில் 12 பங்கு போதும். சீனத்திலும் ஜப்பானிலும் 9 அல்லது 10 பங்குதான். எனவே வெள்ளி கப்பலேறிக் கிழக்கே சென்றுகொண்டே இருக்கும் என்று காட்டினார். கினி என்னும் பொற்காசு 21 ஷில்லிங் என்று குறைத்து வைக்கப்பட்டது. ஆயினும் வெள்ளி போவது நிற்கவில்லை. அரும்பாடுபட்டு அடித்த வெள்ளிக் காசுகள் பெரும்பாலும் உருகிப்போயின. எஞ்சிய மூன்றாம் வில்லியம் காலத்து ஷில்லிங்குகளை இன்று சேகரிப்போர் தேடி வாங்குகின்றனர். அக்காலத்துக் கள்ளக் காசுகளைக்கூடத் தேடி வாங்குவோர் உண்டு!

பேரனின் ரூபாய்க்கு வருகிறேன். காந்தம் அதில் ஒட்டவில்லை, அவன் மகிழ்ந்தான். செம்பிலும் பித்தளையிலும்கூடக் காந்தம் ஒட்டாது என்றேன். 1940க்கு முந்தைய பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் 11.66 கிராம், நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. அவனுடையது 10.2 கிராம்தான். ஒருவேளை தேய்ந்திருக்கலாம் என்றான். தேய்ந்த காசில் மேட்டுப் பகுதிகள் வழுவழுப்பாக இருக்கும். இதிலோ முகம் புதிதாக இருக்க, எடை மட்டும் குறைந்திருக்கிறது என்று காட்டினேன். பின்னர் நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தோம். 1.2 கிராம் குறைந்தது. 10.2ஐ 1.2ஆல் வகுத்தால் 8.5; பித்தளையின் அடர்த்தி அது. என் தாயார் மடியில் முடிந்து வைத்திருந்த ரூபாய் ஒன்று 11.58 கிராம் இருந்தது, நீரில் 1.12 கிராம் குறைந்தது. வகுத்தால் 10.3. மெய்யான ரூபாய்க்கு இதுவே கணக்கு. இரண்டின் விளிம்பையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, பொய்க்காசின் கோடுகள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் கிடந்தன. விற்றவரிடம் திருப்பிக் கொடுக்கப் போனான். கடையே அங்கு இல்லை.

நியூட்டன் 80 வயதைக் கடந்தும் அக்கசாலைப் பதவியை விடவில்லை. 1724இல் அயர்லாந்துக்காகச் செய்யப்பட்ட செப்புக் காசுகளைச் சோதித்து அறிக்கை தந்தார். காசின் பெறுமதியை அத்தனை நுட்பமாக அளந்தவர், 1720இல் தென்கடல் கம்பெனிப் பங்குகளில் பெருந்தொகையை இழந்தார் என்பதும் வரலாறு. 1727 மார்ச் 20 அன்று, பழைய நாட்காட்டிப்படி, அவர் உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1731இல் அங்கு எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்தில் அவர் நூல்களின் மேல் சாய்ந்திருக்கிறார். அவருக்குக் கீழே உள்ள கற்பலகையில் சிறுவர்கள் சிலர் செதுக்கப்பட்டுள்ளனர். தொலைநோக்கியும் பட்டகமும் ஏந்திய சிறுவர்களோடு, அக்கசாலைப் பணியைக் காட்டும் சிறுவர்களும் அங்கு இருக்கிறார்கள்.